ஜல்லி லாரி விண்ணப்பித்த விருப்ப ஓய்வை ரத்து செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
எடைமேடைப் பணியாளர் (தங்கள் ஆணைப்படி ஓய்வு பெற்றவர்),
வடக்கு வாசல் எடை அறை,
கட்டுமானப் பொருள் கிடங்கு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பணியாளர் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: நான் கேட்காமலே வழங்கப்பட்ட ஓய்வை ரத்து செய்து, மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம்.

1. நான் மேற்படி கிடங்கின் வாசலில் லாரிகளை எடை போடும் பணியில் இருக்கிறேன். ‘இருந்தேன்’ என்றுதான் எழுத வேண்டும் என்றார் அலுவலக எழுத்தர். கை வரவில்லை, மன்னிக்கவும்.

2. மேடையில் லாரி ஏறியதும் அதன் எடையை என் அறையிலுள்ள இரும்புப் பெட்டி எண்ணாகக் காட்டும். பெட்டியிலிருந்து தடித்த ஒயர் ஒன்று கணினிக்குப் போகும். அதன் முனையில் ஒன்பது ஊசிகளும், இறுக்குவதற்கு இரண்டு திருகுகளும் உண்டு. பழைய கணினியில் அதற்கென்றே ஒரு வாய் இருந்தது. தாங்கள் அன்புடன் அனுப்பிய புதிய கணினியில் அது இல்லை. ஆகவே ஒரு பக்கம் பழைய முனையும் மறுபக்கம் யுஎஸ்பி முனையும் கொண்ட விரல் நீளக் கன்வெர்ட்டரைக் கொடுத்து, ‘இதச் சொருகுனா போதும்மா, தானா வேலை செய்யும்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது தானாகவே வேலை செய்ததுதான் என் புகார்.

3. அடுத்து ஏறிய லாரிக்கே திரையில் அம்புக்குறி துள்ளிக் குதித்தது. என் கை மவுஸில் இல்லை, தண்ணீர் பாட்டிலில் இருந்தது. லாரி இறங்கியதும் அம்பு அடங்கியது. அதற்குள் கால்குலேட்டரைத் திறந்து, திரையின் நிறத்தை மாற்றி, கடிகாரத்தை வேறொரு நாட்டு நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தது. மேற்பார்வையாளரிடம் சொன்னேன். மவுஸை மாற்றச் சொன்னார், மாற்றினேன். அடியிலுள்ள அட்டையை மாற்றச் சொன்னார், அதையும் மாற்றினேன். கடைசியில் மவுஸையே கழற்றி அவர் மேசையில் வைத்து, இது இல்லாமலும் அம்பு ஓடுகிறது என்றேன். ‘மவுஸே இல்லாம எப்படிம்மா ஓடும்? வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க’ என்றார். நான் நன்றாகத் தூங்குகிறவள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

4. வருகைப் பதிவுக்காக இணையத்தில் பணியாளர் பக்கத்தை வேலை நேரம் முழுவதும் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்பது தங்கள் சுற்றறிக்கை. அதன்படி திறந்திருந்தபோதுதான் ஜல்லி லாரி ஏறியது. அம்பு நேராகப் போய் ‘விருப்ப ஓய்வு’ என்ற கட்டத்தை அழுத்தியது. காரணங்களின் பட்டியல் விரிந்தது. உடல்நலம், குடும்பச் சூழல் என்று எத்தனையோ இருக்க, ‘பணியில் முழு மனநிறைவு அடைந்துவிட்டதால்’ என்பதை ஜல்லி தேர்ந்தெடுத்தது. ‘உறுதியாகத்தான் சொல்கிறீர்களா?’ என்று கணினி கேட்டது. நான் சன்னலில் தலையை நீட்டி, அசையாதே என்று ஓட்டுநரிடம் கத்தினேன். ‘அக்கா, நிக்கவா, எறங்கவா? ஒண்ணு சொல்லுங்க’ என்றார் அவர். வண்டி நின்றிருந்த வரை அம்பும் நடுங்கியபடி நின்றது. ‘இல்லை’ என்பதை அழுத்த என்னிடம் மவுஸ் இல்லை, அது மேற்பார்வையாளர் மேசையில் இருந்தது. ஒயரைப் பிடுங்கலாம் என்றால், நான் மவுஸைக் கழற்றிய மறுநாளே, திருட்டுப் போகாமலிருக்கக் கணினியை இரும்புக் கூண்டில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சாவியும் அவரிடம்தான். பின்னால் நின்ற வண்டிகள் விடாமல் ஹாரன் அடித்தன. ஓட்டுநர் என்ன செய்வார், பாவம், இறங்கிவிட்டார். எடை குறையக் குறைய அம்பு சரிந்துகொண்டே வந்து ‘ஆம்’ என்பதன் மேல் விழுந்தது.

5. அன்று மாலையே தாங்கள் ஒப்புதல் அளித்துவிட்டீர்கள். அறைக்கு ஒரு மின்விசிறி வேண்டுமென்று நானே என் கையால் அனுப்பிய விண்ணப்பம் எத்தனையோ கோடைகளாகப் பரிசீலனையில் இருப்பதால், இந்த வேகத்தைக் கண்டு வியந்தேன். எழுத்தரிடம் முறையிட்டேன். ‘நீங்க கேக்கலன்னா வேற யாரு கேட்டா?’ என்றார். ஜல்லி என்றேன். அவர் மெதுவாக நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

6. பிரிவு உபசார விழா நடத்தினார்கள். சுவர்க்கடிகாரம் தந்து, பேசச் சொன்னார்கள். ‘நான் எங்கயும் போகல’ என்றேன். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. மேற்பார்வையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

7. மறுநாளும் வேலைக்கு வந்தேன். என் இடத்துக்கு யாரையும் போடாததால் யாரும் தடுக்கவில்லை. பிறகு ஒருநாள் கணினிப் பிரிவுப் பொறியாளர் வந்தார். ஒரு லாரி ஏறி இறங்கும் வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புப் பெட்டி ஓயாமல் எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கணினி கண் விழிக்கும்போதே அதைக் கேட்டுவிட்டு, ஏதோ பழங்காலத்து மவுஸ் பேசுகிறது என்று புதிய மென்பொருள் நம்பிவிடுகிறதாம். ‘வர்ற லாரியெல்லாம் மவுஸுன்னு இது நெனச்சிட்டிருக்கும்மா’ என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சொன்னதை நம்பிய முதல் மனிதர் அவர்.

8. அதைப் படம் பிடித்து அறிக்கையுடன் அனுப்புவதற்காக, அவர் தம் பெயரில் பணியாளர் பக்கத்தைத் திறந்தார். அந்நேரம் மணல் லாரி ஏறியது. வேண்டாம் என்றேன். ‘இருங்கம்மா, இத மட்டும் புடிச்சிக்கிறேன்’ என்றார். காலிப் பணியிடப் பட்டியலில் முதலில் இருந்தது என் இடம். மணல் அவருக்காக அதற்கு விண்ணப்பித்தது. மாலையே நியமன ஆணை வந்துவிட்டது. இப்போது அவர்தான் எடைமேடைப் பணியாளர். சாதனங்களின் பட்டியலில் அந்தப் பொய் மவுஸைக் கண்டுபிடித்து முடக்கிவிட்டார். கூண்டுச் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டு, கணினி முழுதாகத் தொடங்கிய பிறகே ஒயரைச் சொருகுகிறார். அம்பு சொன்ன இடத்தில் நிற்கிறது. ஆனால் நடந்தது என்ன என்ற அறிக்கை, கணினிப் பிரிவுப் பொறியாளர் கையொப்பமிட்டால்தான் செல்லுமாம். அந்தப் பதவியில் இப்போது யாரும் இல்லை.

9. ஓய்வுச் செய்தி கேட்டு என் கணவர் மிகவும் மகிழ்ந்தார். ‘விடு, போட்ட எடை போதும். அந்தப் பொட்டி மாதிரி ரூம்ல அப்படி என்னதான் இருக்கு?’ என்று கேட்டார். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, தங்களுக்கு எழுதுகிறேன். பாரம் ஏற்றிய வண்டி மேடையில் ஏறும்போது என் காலடியில் தரை இலேசாக அதிரும். எண் ஓடும், தடுமாறும், பிறகு ஓரிடத்தில் நிற்கும். அது நிற்கும் வரை ஓட்டுநர் என் முகத்தையே பார்த்திருப்பார். நான் தலையசைத்தால்தான் வாசல் திறக்கும். வீட்டில் நான் தலையசைத்து எதுவும் திறந்ததில்லை.

10. ஆகவே, ஜல்லியின் விண்ணப்பத்தையும் மணலின் விண்ணப்பத்தையும் ஒருசேரத் தள்ளுபடி செய்து, எங்கள் இருவரையும் அவரவர் இடத்தில் அமர்த்துமாறு வேண்டுகிறேன். பொறியாளரும் இதற்குச் சம்மதித்துக் கீழே கையொப்பமிட்டுள்ளார். முடிவெடுக்கத் தாமதமாகுமானால், இடைக்கால நிவாரணமாக ஒரு நாற்காலியாவது அனுப்பி உதவுங்கள். இந்த அறையில் ஒன்றுதான் இருக்கிறது, ‘நீங்க உக்காருங்கம்மா’ என்று நாள் முழுவதும் அவர் நின்றுகொண்டே இருக்கிறார்.

தங்கள் நல்ல பதிலை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
எடைமேடைப் பணியாளர்

(ஒப்பம்)
எடைமேடைப் பணியாளர்

இடம்: வடக்கு வாசல் எடை அறை
நாள்: திங்கட்கிழமை, லாரி இல்லாத நேரம்