பஞ்சுவுக்கும் மிளகுக்கும் நடுவே ஒரு கம்பி வலை

என் செல்லச் சுமதிக்கு,

உன் முயல்கள் இரண்டும் பெரிதாகிவிட்டன. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதை மட்டும் சொல்லி முடிக்க முடியாது போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின வாரம் ஸ்கூடாய் ஊரில் ஒரு கடையில் அவற்றை வாங்கி வந்தாய். இரண்டுமே பொட்டை என்று கடைக்காரர் சொன்னாராம். "நம்மள மாதிரி அக்கா தங்கச்சி," என்று போனில் சிரித்தாய். நீ வீட்டில் இல்லாத நாள்களில் யாழினிக்குத் துணையாக இருக்கட்டும் என்று நினைத்தாய். கர்ப்பப்பைக் கட்டியை எடுத்ததும் வந்துவிடுவேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினாய்.

நீ வரவில்லை. கொடுத்த மயக்கத்திலிருந்து எழவே இல்லை. நான் பெக்கான் நானாஸ் ஊரில் இருந்த என் வீட்டைப் பூட்டிவிட்டு, தையல் மெஷினோடு உன் வீட்டுக்கு வந்துவிட்டேன். பிரகாஷ் தம்பி பழையபடி விடியும் முன்னே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார், இருட்டிய பிறகு வருகிறார். கட்டின மனைவி உன்னைப் பற்றி அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பகலெல்லாம் நானும், பள்ளி விட்டு வரும் யாழினியும், வெள்ளைப் பஞ்சுவும், கரும்புள்ளி மிளகும்தான்.

இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று தலை வைத்துத் தூங்கும். ஒன்று தின்றால்தான் மற்றது தின்னும். அப்படி இருந்தவை ஒருநாள் மாறிப்போயின. பஞ்சு மிளகை விடாமல் சுற்றிச் சுற்றித் துரத்தியது, மேலே ஏறியது. மிளகு திரும்பிக் கடித்ததில் கூடத்தில் பஞ்சுபஞ்சாக முடி பறந்தது. இரண்டையும் ஆளுக்கொரு கூடையில் போட்டு மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண், இளவயது. பஞ்சுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என்னை அத்தை முறை வைத்து மலாயில் சொன்னார்: "இது ஆண், மக்சிக். இன்னைக்கே பிரிச்சு வைங்க."

குட்டி உண்டாகாமலிருக்கப் பஞ்சுவுக்கு முதலில் ஆபரேஷன். அதற்குப் பிறகும் சில வாரங்களுக்கு அதனால் குட்டி உண்டாக்க முடியும் என்பதால் ஒன்றாக விடக்கூடாது. மிளகு இன்னும் கொஞ்சம் வளரட்டும், பிறகு அதன் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் வயதாகும்போது பொட்டை முயல்களுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வருவது சாதாரணம் என்றார். என் கையைப் பிடித்திருந்த யாழினி கையை விட்டுவிட்டாள்.

காரில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "மிளக யாரும் அறுக்கக் கூடாது பெரியம்மா."

கூடத்தில் நடுவே கம்பி வலை வைத்தேன். ஒன்றையொன்று பார்க்கட்டும், மோந்துகொள்ளட்டும், அப்போதுதான் மறக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விஷயத்தைக் கேட்ட பிரகாஷ் தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே, "எதுக்குக்கா இவ்ளோ தொல்லை? ஒண்ண யாருக்காச்சும் கொடுத்துடலாம் லா," என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. நீ வாங்கி வந்ததை இவர் எப்படிக் கொடுக்கலாம் என்று.

மறுநாள் நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால், வலை சுவரோரம் சாய்ந்து கிடக்கிறது. இரண்டு முயலையும் மடியில் வைத்துக்கொண்டு யாழினி தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"அலமாக், என்னம்மா இது? குட்டி போட்டுடும்."

"அதுங்க ஒண்ணாத்தானே இருந்துச்சு. நீங்கதான் பிரிச்சீங்க."

நான் அவளைத் திட்டினேன். திட்டியபடியே வலையைத் திரும்ப மாட்டினேன். வேறு என்ன செய்வது, நீயே சொல்.

பஞ்சுவுக்கு ஆபரேஷன் சுலபமாக முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் கொத்தமல்லியைத் தின்றுவிட்டு வலையோரம் போய்ப் படுத்தது. அந்தப் பக்கம் மிளகும் வந்து படுத்தது. கம்பிக்கு இருபுறமும் முதுகோடு முதுகு.

மிளகின் முறை வந்தபோதுதான் வீடு கலங்கியது. கடைசியாக ஒருமுறை பரிசோதிக்க வரச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை, பிரகாஷ் தம்பியும் வந்திருந்தார். சம்மதக் கையெழுத்துக்காக நர்ஸ் பேனாவை நீட்டியதும் எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே போனேன். கார் மேல் கையை ஊன்றி நின்றார்.

"என்னால முடியாதுக்கா. அவளுக்கு நான்தான் போட்டேன். இன்னொரு தடவ போட மாட்டேன்."

ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்று அவர் சொன்னதற்கு அதுதான் காரணம், சுமதி. எனக்கு அதுவரை புரியவில்லை. கதவருகே நின்றிருந்த யாழினிக்கும் அதுவரை புரிந்திருக்காது. அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் டாக்டரிடம் நேராகக் கேட்டாள், "மயக்கம் கொடுத்தா இது செத்துப் போகுமா?"

டாக்டர் நாற்காலியை இழுத்து அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார். "போகலாம். அந்தப் பயம் எப்பவும் இருக்கு. ஆனா இது சின்ன வயசு, நல்லா சாப்பிடுது. பெரும்பாலும் எழுந்துடும். எழற வரைக்கும் நான் பக்கத்துலயே இருப்பேன்."

யாரும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. வெளியே வந்து, "அப்பா, பெரியம்மா கையெழுத்துப் போடட்டும். அன்னைக்கு நீங்க லீவு போட்டுட்டு என் கூட உக்காந்திருங்க, போதும்," என்றாள்.

ஆபரேஷனுக்கு முன் முயலைப் பட்டினி போடக்கூடாதாம், அன்று காலையிலும் புல் கொடுக்க வேண்டுமாம். அதைக் கேட்டதும், "அம்மாவ மட்டும் ஏன் பட்டினி போட்டாங்க?" என்றாள். மனுசருக்கு வேறு, முயலுக்கு வேறு என்றேன். அது பதிலா? எனக்குத் தெரியவில்லை.

மிளகு எழுந்துவிட்டது. வயிற்றில் குட்டி எதுவும் இல்லை என்றார் டாக்டர். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சாப்பிட மறுத்தது. முயல் சாப்பிடாமல் இருந்தால் குடல் நின்றுவிடும். கொண்டுபோய் வலிக்கு இன்னொரு ஊசி போட்டு வந்தோம். பிரகாஷ் தம்பி சமையலறைத் தரையில் உட்கார்ந்து, துண்டில் சுற்றிய முயலை மடியில் வைத்துக்கொண்டார். கரைத்த உணவை யாழினி ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். விடிந்து பார்த்தபோது மிளகு தானாகவே ஒரு புல்லை மென்றுகொண்டிருந்தது. அவர் அன்றும் வேலைக்குப் போகவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. காயம் ஆறியதும் இரண்டையும் கார் நிறுத்தும் இடத்தில் ஒன்றாக விட்டோம். அது இரண்டுக்கும் புது இடம், சண்டை வராது என்றார்கள். மிளகு பாய்ந்து போய்ப் பஞ்சுவின் காதைக் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசனை, வலி, பயம், எல்லாம் சேர்ந்தது, அவசரப்படாதீர்கள் என்றார் டாக்டர். "மறந்துடுச்சா பெரியம்மா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள் பிள்ளை. இவ்வளவும் அவை ஒன்றாக இருக்கத்தானே செய்தோம்? ஒருவேளை இனி சேராமலே போய்விட்டால்?

தினமும் மாலையில் கொஞ்ச நேரம் விடுகிறோம். நேற்று பஞ்சு, நக்கிக்கொடு என்பதுபோல், தலையைத் தரையோடு தாழ்த்திக்கொண்டு காத்திருந்தது. மிளகு பக்கத்தில் வந்தது, மோந்தது, கடிக்கவில்லை. நக்கிக்கொடுக்கவும் இல்லை. திரும்பிப் போய்விட்டது. சண்டை வந்தால் பிரிக்க, தடித்த துண்டோடு பிரகாஷ் தம்பி தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாழினி.

"அப்பா, ஆபரேஷனுக்கு உள்ள போறப்ப அம்மா என்ன சொன்னாங்க?"

அவர் நெடுநேரம் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"முயலுக்குத் தண்ணி வெச்சீங்களான்னு கேட்டா."

"வெச்சீங்களா?"

"வெச்சேன்னு சொன்னேன். வெக்கல. மறந்துட்டேன்."

யாழினி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். "நான் வெச்சேன்ப்பா," என்றாள்.

சுமதி, இந்த இரண்டில் ஒன்றையும் யாருக்கும் கொடுக்க மாட்டோம். சேர எத்தனை மாதமானாலும் காத்திருப்போம், சேராவிட்டால் வலையின் இரு பக்கமும் பார்த்துக்கொள்வோம். உன்னைப் பற்றி யாழினி என்ன கேட்டாலும் அவளுக்கு உண்மையான பதில் கிடைக்கும். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்பேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் மகளுக்குப் பெரியம்மாவாகவும் உனக்கு என்றும் அக்காவாகவும்,
அமுதா