காட்பாடிக்கு உன்னைக் கேக்காம போய் வந்தது

ஆம்பூர்
பிப்ரவரி 9

என் தங்கம் மேகலாவுக்கு அம்மா எழுதுறது. மாதா புண்ணியத்துல நானும் அப்பாவும் சொகமா இருக்கோம், அந்த சுவீடன் குளிர்ல நீயும் வேளைக்கு சாப்ட்டு நல்லா இருக்கணும்னு தினமும் ஜெபம் பண்றோம். போன்ல சொன்னா பாதியிலயே கோச்சிக்கினு வெச்சிடுவ, அதான் நோட்டுல எழுதி போட்டோ புடிச்சி அனுப்புறேன். முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டு.

டாக்டர் பட்டம் முடிச்சாச்சு, மார்ச்சோட சுவீடன்ல இருக்குற வேலையும் முடியுது, மேற்கொண்டு ஆராய்ச்சி பண்ண நாப்பது யுனிவர்சிட்டிக்கு எழுதிப் போட்டும் எதுவும் கெடைக்கலம்மான்னு போன வாரம் நீ சொன்னப்போ உன் கொரலே சரியில்ல. அன்னியிலேர்ந்து எனக்கு இருப்பு கொள்ளல. கம்பெனியில ஷூவோட மேல்தோல் தைக்கிறப்போ ரெண்டு தரம் தையல் கோணிப் போயி, இன்னா மேரி ஒடம்பு சரியில்லியான்னு சூப்பர்வைசர் கேட்டாரு. நீ அப்பா போனுக்கு அனுப்பி வெச்ச உன் படிப்பு விவரமெல்லாம் ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டுக்கினு, வியாழக்கிழமை லீவு சொல்லிட்டு, உங்கப்பாகிட்டகூட சொல்லாம காட்பாடிக்கு ரயில் ஏறிட்டேன்.

யுனிவர்சிட்டி கேட்டுல வாட்ச்மேன் யாரப் பாக்கணும்னாரு. கம்ப்யூட்டர் ஆராய்ச்சி பண்றவங்களன்னேன். அம்மா அப்படி நூறு பேருக்கு மேல இருக்காங்க, பேரு சொல்லுங்கன்னாரு. பேருக்கு நான் எங்க போவேன். திரும்பிப் போவவும் மனசு வரல, வெயில்லயே நின்னேன். அவருக்கே பேஜாராயி காகிதத்த வாங்கிப் பாத்துட்டு எங்கயோ போன் போட்டாரு. ஹேமலதான்னு ஒரு புரொபசர் மேடம் வந்தாங்க. நிலத்தடித் தண்ணியில கெமிக்கல் எப்படிப் பரவுதுன்னு நீ கம்ப்யூட்டர்ல கண்டுபுடிச்சத நின்னபடியே படிச்சாங்க. பாலாத்தோரத்துக் கெணறுங்கள வெச்சி ரெண்டு வருஷ ஆராய்ச்சி இருக்கு, இப்படி ஒரு ஆளத்தான் தேடுறேன்னாங்க. எனக்கு கால் தரையில நிக்கல. அப்பத்தான் கேட்டாங்க, இங்க வர்றது உங்க பொண்ணு ஆசையா, உங்க ஆசையான்னு. நான் வந்ததே அவளுக்குத் தெரியாதுன்னேன். விண்ணப்பம் உங்க பொண்ணேதான் போடணும், இன்டர்வியூவும் இருக்கு, அம்மா கொண்டாந்தத நான் எடுத்துக்க முடியாதுன்னு காகிதத்தத் திருப்பிக் குடுத்துட்டாங்க.

வூட்டுக்கு வந்து சொன்னதும், பெரிய படிப்பு படிச்ச பொண்ணு மானத்த கேட்டுல நின்னு வாங்கிட்டியேன்னு உங்கப்பா ரெண்டு நாளா எங்கூட பேசல. இன்னிக்கி பூசை முடிஞ்சி வர்றப்போ அவரே மெதுவா, விண்ணப்பம் போட கடைசி தேதி என்னிக்கின்னு கேக்குறாரு.

உண்மையச் சொல்றேன் மேகலா. இந்த ஊரு வேணாம், இந்த தையல் மிஷின் வேணாம், தூரமா போயிடுன்னு சொல்லிச் சொல்லி அனுப்புனவ நான்தான். இப்ப வான்னு கூப்புட எனக்கு இன்னா நியாயம் இருக்கு. ஆனாலும் மனசு கூப்புடுது, மறைச்சி பிரயோஜனம் இல்ல. எனக்காக வராத. தோத்துட்டோம்னும் வராத. அந்த வேல உனக்குப் புடிச்சா மட்டும் போடு. வேற நாட்டுல கெடைச்சா போ, அம்மா அழுவேன், தடுக்க மாட்டேன்.

மேடத்தோட ஈமெயில காகிதத்துக்குப் பின்னால அவங்க கையாலயே எழுதியிருக்காங்க, அதையும் போட்டோ புடிச்சிருக்கேன். இருபதாந்தேதி கடைசி, மறந்துடாத. ஆண்டவர் உன் கூடவே இருந்து நல்ல வழி காட்டட்டும்.

கேக்காம போனதுக்கு உங்கிட்ட மன்னிப்பு கேக்குற
உன் அம்மா
ஆரோக்கியமேரி