முப்பது நாள் பொறுத்துக்கோ

2023 அக்டோபர் 31, செவ்வாய்

சம்பள ஸ்லிப் வந்தது. பதினொரு வருடம் கான்ட்ராக்டில் இருந்த எபினேசராகிய நான் இந்த மாதத்திலிருந்து பெர்மனென்ட். இருபத்து மூவாயிரம். ரோலிங் மில்லில் எல்லோரும் கை கொடுத்தார்கள், கேன்டீனில் டீ என் கணக்கில் குடித்தார்கள்.

ஸ்லிப்பில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் என்ற இடத்தில் கோடு மட்டும் இருந்தது. ஆபீஸில் கேட்டேன். "இருபத்தோராயிரத்த தாண்டிட்டா ஈ.எஸ்.ஐ. கிடையாது எபி. கம்பெனி இன்ஷூரன்ஸும் உனுக்கு மட்டும்தான். ஊட்ல இருக்கறவங்களுக்கு நீதான் தனியா போட்டுக்கணும்" என்றார்கள்.

மனைவி மெர்சிக்கும் மகள் ஏஞ்சலினுக்கும் இனி காய்ச்சல் என்றால் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் இலவச வைத்தியம் கிடையாது. சம்பளம் ஏறியதற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் வசந்தகுமார். முன்பு எங்கள் மில்லில் இருந்தவன், இப்போது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். மூன்று லட்சமா ஐந்து லட்சமா என்று ஒரு மணி நேரம் பேசினோம். "எது வேணா போடுங்க, பொண்ணு காலேஜுக்கு வச்சிருக்கற துட்டுல கை வைக்காதீங்க" என்றாள் மெர்சி. மூன்று பேருக்கும் சேர்த்து ஐந்து லட்சம் என்று முடிவானது.

என் பெயரில் ஒரு டெர்ம் பாலிசியும் போடச் சொன்னான். நான் செத்தால்தான் பணம் வரும், உயிரோடு இருந்தால் ஒன்றும் வராது. "அப்ப உங்களுக்கு நஷ்டம், எனுக்கு லாபம்" என்று மெர்சி சிரித்தாள். அதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

நவம்பர் 8, புதன்

ஃபாரத்தைப் படித்துக்கொண்டிருந்த மெர்சி, ஏற்கெனவே நோய் ஏதும் உண்டா என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். இடது மார்பில் ஒரு கட்டி. ஆகஸ்டிலிருந்து இருக்கிறதாம். வலி இல்லையாம், பட்டாணி அளவுதானாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நெறி கட்டின மாதிரி அதுவா போயிடும்னு இருந்தேன்."

வசந்தகுமாருக்குப் போன் செய்தேன். "எங்கயாச்சும் காமிச்சீங்களா? சீட்டு கீட்டு இருக்கா?" இல்லை என்றேன். "அப்ப நல்லதுண்ணா. இப்ப எந்த டாக்டர்கிட்டயும் போவாதீங்க. ஒரு ஸ்கேன் எடுத்தா போதும், பழைய நோய்னு எழுதிடுவாங்க, அதுக்கு பணம் வராது. பாலிசி ஆரம்பிச்சி மொத முப்பது நாள் எந்த நோய்க்கும் பணம் தர மாட்டாங்க, அது போவட்டும்."

அவன் சொல்வது சரியாகத்தான் படுகிறது. ஐந்து லட்சம் கவர் வரப்போகும் நேரத்தில் யாராவது அதைக் கெடுத்துக்கொள்வார்களா? முப்பது நாள் பொறுத்துக்கோ என்றேன். தலையை ஆட்டினாள்.

நவம்பர் 10, வெள்ளி

'இல்லை' என்ற கட்டங்களில் எல்லாம் நான்தான் டிக் போட்டேன். கையெழுத்து அவளுடையது. போட்டுவிட்டு ரொம்ப நேரம் ஃபாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 20, திங்கள்

பாலிசி வந்துவிட்டது. இன்றிலிருந்து கணக்கு.

டிசம்பர் 21, வியாழன்

முப்பது நாள் முடிந்தது. "ஒடனே போனா சந்தேகப்படுவாங்கண்ணா, பொங்கல் தாண்டட்டும்" என்கிறான் வசந்தகுமார். மெர்சியும் கிறிஸ்துமஸ் முடியட்டும் என்கிறாள். கட்டி பெரிதாகியிருக்கிறது. எவ்வளவு என்று எழுத மாட்டேன்.

2024 ஜனவரி 28, ஞாயிறு

பொங்கலும் தாண்டிவிட்டது. போகலாம் என்றேன். ஏஞ்சலினுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்கிறாள். பயப்படுகிறாள். நானும்தான். அதனால்தானே அவள் சொன்னதை உடனே ஒத்துக்கொண்டேன்?

மார்ச் 3, ஞாயிறு

ஜெபத்தில் அவளால் இடது கையைத் தூக்க முடியவில்லை. அக்குளிலும் ஒன்று வந்திருக்கிறது.

மார்ச் 5, செவ்வாய்

கார்டை எடுத்துக்கொண்டு பிரைவேட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆட்டோவில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எவ்வளவு நாளாக என்று கேட்டால் இரண்டு வாரம் என்று சொல். மூன்று தடவை சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். பரிசோதனை அறைக்குள் என்னை விடவில்லை, வெளியே நின்றேன்.

மார்ச் 14, வியாழன்

கேன்சர். ஈரலுக்கும் போயிருக்கிறது.

"ஒரு நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான்கு மாதம் முன்பு என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 22, வெள்ளி

பணம் தர மாட்டார்கள். பாலிசி இருக்குமாம், இந்த நோய்க்கு மட்டும் கிடையாதாம். ஆஸ்பத்திரிக் குறிப்பில் 'ஏழு மாதமாகக் கட்டி' என்று எழுதியிருக்கிறது. பாலிசிக்கு முன்பே இருந்த நோய்.

வராந்தாவில் நாலு பேர் பார்க்க அவளிடம் கத்தினேன். "ரெண்டு வாரம்னு சொல்லச் சொன்னேனே, இன்னா மே பண்ணி வச்சிருக்கே?"

"டாக்டர்கிட்ட எப்படிங்க பொய் சொல்றது? அப்புறம் அவங்க இன்னான்னு வைத்தியம் பாப்பாங்க?"

சொல்லிவிட்டுத் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இன்னா மனுசன் நான். ஊட்ல பொண்டாட்டி உசுரு போய்க்கினு இருக்குது, நான் ஒரு டிக் மார்க்கக் காவல் காத்துக்கினு இருந்திருக்கேன். அதுவும் பத்தாதுன்னு அவளையே திட்டிட்டு வந்து உக்காந்துகினு எழுதறேன் —

மார்ச் 26, செவ்வாய்

சென்னையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். கும்மிடிப்பூண்டியிலிருந்து காலை லோக்கலில் நின்றுகொண்டேதான் வந்தாள். சீட்டுப் போடும் வரிசையில், "இங்க எல்லாருக்கும் சும்மாவா பாக்கறாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மே 6, திங்கள்

ரிசல்ட் வந்தது. ஏஞ்சலின் அறுநூற்றுக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு. மெர்சி மொட்டைத் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாள். இரண்டு வீடு மிச்சம் இருக்கும்போது முடியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

ஜூலை 8, திங்கள்

பழைய ஈ.எஸ்.ஐ. கார்டுக்கு மருந்தாவது கிடைக்குமா கேட்டுப் பார் என்று மில்லில் ஒருவர் சொன்னார். டிஸ்பென்சரிக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "போன மாசம் முப்பதோட முடிஞ்சிடுச்சே சார்" என்றார்.

அக்டோபரிலேயே நின்றுவிட்டதே என்றேன்.

"பிடிக்கறதுதான் நின்னுது. செப்டம்பர் வரைக்கும் கட்டினீங்க இல்ல, அதுக்கு இந்த ஜூன் வரைக்கும் ஊட்ல எல்லாருக்கும் பாத்திருக்கலாம். நீங்க ஏன் வரல?"

நான் ஏன் வரவில்லை. பிடித்தம் நின்றால் வைத்தியமும் நின்றுவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன், இங்கே வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டியைப் பார்த்த மறுநாளே அவளை இங்கே கூட்டி வந்திருக்கலாம். ஃபாரம் இல்லை, முப்பது நாள் இல்லை. எத்தனை நாளாக என்று கேட்டாலும் வைத்தியத்துக்காகத்தான் கேட்டிருப்பார்கள்.

மெர்சியிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கஞ்சி இரண்டு ஸ்பூன். வாயைத் துடைத்துவிடும்போது சொன்னாள்: "உங்கள நீங்களே திட்டிக்கினு இருக்காதீங்க. எனுக்கும் பயம். நீங்க பொறுத்துக்கோன்னு சொன்னப்ப, அப்பாடான்னுதான் இருந்துச்சி."

இது எனக்காகச் சொன்னதா, நிஜமா? அவள் பொய் சொல்கிறவள் இல்லையே.

செப்டம்பர் 12, வியாழன்

மெர்சி போய்விட்டாள். காலை பத்தே முக்கால்.

நவம்பர் 17, ஞாயிறு

வசந்தகுமார் வந்தான். அடக்கத்துக்கு வந்தவன், அதற்குப் பிறகு இன்றுதான். பாலிசியைப் புதுப்பிக்க வேண்டும், மெர்சி அக்கா பெயரை எடுக்க இறப்புச் சான்றிதழ் ஒரு காப்பி வேண்டும் என்றான். "பிரீமியம் கொறையும்ண்ணா" என்று சொன்னவன், சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குப் போன் செய்தது நான்தான்.

ஃபாரத்தை ஏஞ்சலின் வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "அப்பா, எனுக்கு வலது பக்கம் வயிறு வலிக்குது. இதையும் எழுதணுமா?"

வசந்தகுமார் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தேன். "சொம்மா வலிதான்ப்பா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள். ஏறு என்றேன். ஃபாரம் நாற்காலி மேலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மூன்றாவதாகப் போன கிளினிக்தான் திறந்திருந்தது. டாக்டர் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, எவ்வளவு நாளாக வலிக்கிறது என்று கேட்டார்.

"நேத்து நைட்டுல இருந்து" என்றாள் ஏஞ்சலின்.