ஒன்பது நொடி அலறல்

பிப்ரவரி 11, 1997

காலையிலிருந்து மழை. டாக்டர் ஹகோபியன் மதியத்துக்குள் மூன்று பல் பிடுங்கினார். நான் வாசல் மேசையில் உட்கார்ந்து, வீங்கிய கன்னங்களிடம் அடுத்த முறை எந்தக் கிழமை வருகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு ஒரு போன்.

"நடீன் ப்ரூயிட்டா? 'கடைசிச் சுற்று' நடீனா?"

பதினெட்டு வருஷமாக யாராவது இப்படிக் கேட்கிறார்கள். ஸ்கேட்டிங் அரங்கத்தில் கோடு போட்ட சட்டைக்காரன் ஒருவன் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கொல்லும் படம் அது. அதில் முதலில் சாகிற பெண் நான். பதினோராவது நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிடுவேன். அதற்கு முன் ஒன்பது நொடி அலறல். படத்தின் பெயரை மறந்தவர்களுக்குக்கூட அந்த அலறல் மறக்கவில்லை.

இவன் வெறும் ரசிகன் இல்லை, டைரக்டராம். வெண்டல் ஓக்ஸ், வயது இருபத்தேழு. இந்த மாதிரிப் படங்களையே பார்த்து வளர்ந்த பள்ளிப் பிள்ளைகள், 'படத்துல இப்பத்தான் பூனை குதிக்கும், அடுத்தது கொலைகாரன்' என்று சொல்லிக்கொண்டே சாகிற படம் ஒன்று எடுக்கிறான். அதில் எனக்கு ஒரு வேஷம்.

"நீங்க இல்லாம இந்தப் படமே இல்ல மேடம்."

நான் சரி என்றேனா, யோசிக்கிறேன் என்றேனா? போனை வைத்த பிறகு எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 12

சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன். இன்று காலை அவர்கள் ஆபீஸிலிருந்து செருப்பு அளவு கேட்டார்கள்.

கொரின் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அம்மாவால் பெருமை வருவது லேசுப்பட்ட காரியமா? எங்கள் வீட்டு போனில் பதில் சொல்லும் இயந்திரத்தில் அவள் என் அலறலைத்தான் பதிந்து வைத்திருக்கிறாள். டாக்டர்கூட ஒருமுறை போன் செய்துவிட்டு ரிசீவரைக் கீழே போட்டார்.

"பள்ளிக்கூடத்துல எல்லார் அம்மாவும் கேக் சுடுறாங்க. எங்கம்மா மட்டும்தான் செத்தாங்க" என்று தோழிகளிடம் சொல்வாள்.

சொல்லியிருக்க வேண்டும். இன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 20

கதைத்தாள் வந்தது. முழுக்கதை இல்லை, நான் வருகிற மூன்று பக்கம் மட்டும். கொலைகாரன் யாரென்று வெளியே கசியக் கூடாதாம், அதனால் யாருக்கும் முழுக்கதை கிடையாது. அதுவும் ஜெராக்ஸ் எடுக்க முடியாத சிவப்புத் தாளில். படித்து முடிப்பதற்குள் கண் எரிந்துவிட்டது.

நான் பள்ளி நூலகர். பிள்ளைகள் வீடியோவில் 'கடைசிச் சுற்று' பார்க்கிறார்கள். திரையில் இருபத்து மூன்று வயது நான் ஸ்கேட்டோடு ஓடுகிறேன், விழுகிறேன். புத்தகம் அடுக்கிக்கொண்டிருக்கும் நாற்பத்தோரு வயது நான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்: "மூளையுள்ள பொண்ணா இருந்தா ஸ்கேட்டைக் கழட்டிட்டுல்ல ஓடியிருப்பா?"

மூன்றாவது பக்கத்தில் கொலைகாரன் வருகிறான். நான் அலறுகிறேன். அத்தோடு தாள் முடிகிறது. சாகிறேனா, பிழைக்கிறேனா?

ரசிகர் கூட்டங்களில் எல்லோரும் கேட்கும் கேள்வியைத்தான் என் வாயாலேயே சொல்லவைக்கிறான். ஏன் கழற்றவில்லை? அரை அளவு சின்ன ஸ்கேட், அதைக் கால் பிதுங்கப் போட்டுவிட்டு, அவிழாமல் இருக்க இரட்டை முடிச்சுப் போட்டிருந்தார்கள், அதனால்தான். அதை யாரிடம் சொல்ல? இது மரியாதையா, என்னை வைத்து நையாண்டியா? அந்தப் பையன் குரலில் அவ்வளவு பணிவு இருந்ததே.

மார்ச் 3

வெண்டல் போன் செய்தான். அலறுகிற காட்சியன்று பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டிருக்கிறானாம்.

"அதே அலறல் மேடம். பதினெட்டு வருஷம் கழிச்சு, கண்ணு முன்னாடி, நேர்ல! எல்லாரும் வாயடைச்சுப் போயிடணும்."

என் வாய் அப்போதே அடைத்துப்போயிற்று.

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்லாததை இதிலாவது.

அந்த அலறல் என்னுடையது இல்லை.

1979இல் கேமரா முன்னால் என்னிடமிருந்து வந்தது விக்கல் மாதிரி ஒரு சத்தம்தான். டைரக்டர் தலையைச் சொறிந்துவிட்டு, "விடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். குரல் சேர்க்கக் கூப்பிட்ட நாளில் நான் அக்கா கல்யாணத்துக்கு பேக்கர்ஸ்ஃபீல்ட் போயிருந்தேன். தியேட்டரில் உட்கார்ந்து பார்க்கிறேன் — என் வாய் திறக்கிறது, வேறு யாரோ கத்துகிறாள். ஆபீஸில் போய்க் கேட்டேன். "கையில வேற யாரும் சிக்கல. டைப் அடிக்கிற பெவ் இருந்தா, அவளை நிக்க வச்சுட்டோம்" என்றார்கள். ஏதோ காபிக்குப் பால் இல்லை, தண்ணீர் ஊற்றினோம் என்கிற மாதிரி.

அப்போதே சொல்லியிருந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. முதல் ரசிகன் போட்டோவை நீட்டினான், கையெழுத்துப் போட்டேன். பிறகு எத்தனை நூறு கையெழுத்து! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் பதினெட்டு வருஷம் மறைத்திருக்கிறேன்.

கொரினுக்குத் தெரிந்தால்?

மார்ச் 9

வீட்டில் கத்திப் பார்க்க முடியாது, கீழ்வீட்டுக்காரர் இருக்கிறார். அதனால் கார் கழுவுகிற இடத்துக்குப் போனேன். கார் உள்ளே போனதும் தூரிகைகள் சுற்ற, சோப்பு வழிய, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கத்தினேன். விக்கல். மறுபடியும். விக்கல், பிறகு இருமல். வெளியே வந்ததும் துணியோடு நின்ற ஆள் கண்ணாடியைத் தட்டினான்.

"தண்ணி உள்ள வந்துருச்சாம்மா?"

"இல்லப்பா" என்றேன். மூக்கைச் சிந்தினேன். ஏன் அழுதேன்?

மார்ச் 10

தொண்டை கட்டிக்கொண்டது. டாக்டர் மிட்டாய் கொடுத்தார். மேசையில் நான் கிசுகிசுப்பதைப் பார்த்து நோயாளிகள் பயந்துபோகிறார்களாம்.

மார்ச் 15

பெவ்வின் குடும்பப் பெயர் ஸ்டானெக் என்று நினைவிருந்தது, டெலிபோன் விசாரணைக்குக் கூப்பிட்டேன். ஸ்டானெக், பி என்று மூன்று பேர். முதலாமவர் பில். இரண்டாவது எண்ணில் ஒரு பெண் எடுத்தாள், பின்னால் பாத்திரச் சத்தம்.

"பெவ் ஸ்டானெக்கா? முன்னாடி ஒரு சினிமா ஆபீஸ்ல டைப் அடிச்சீங்களா?"

"ஆமா. யாரு?"

"நான் நடீன்... உங்க அலறல்..."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. "ஐயோ கடவுளே" என்றாள். "நீ என் மேல கோவமாத்தான் இருப்பேன்னு எனக்குத் தெரியும்."

என் மேல் அவளுக்குத்தானே கோபம் இருக்க வேண்டும்? எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

மார்ச் 22

லான்காஸ்டர் போய் வந்தேன். பெவ் அங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையை நடத்துகிறாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், நல்ல உயரம், கைகுலுக்கினால் தோள்பட்டை வரை ஆடுகிறது. சூரை மீன் போட்டு நூடுல்ஸ் வேகவைத்து வைத்திருந்தாள். இரண்டு பேரும் முதல் பத்து நிமிஷம் அதைப் புகழ்ந்தே ஓட்டினோம்.

பிறகு நானே ஆரம்பித்தேன். உன் அலறலை என்னுடையது என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்துவிட்டேன், மன்னித்துவிடு என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன உளர்ற? அது உன்னுதுதான். என் குரலை உன் வாயில ஒட்டிட்டாங்கன்னு உனக்குத்தான் கோவம் இருக்கும்னு நினைச்சேன்."

"நீதானே கத்துன?"

"கத்துனேன். நாலு தடவை கத்துனேன். எடிட்டர் கிழவரு காதைப் பொத்திக்கிட்டு, 'நீ கத்துறது நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆரம்பம் சரியில்ல. அந்தப் பொண்ணு முதல்ல ஒரு விக்கல் விக்குது பாரு, அதைக் கேட்டாத்தான் வயிறு கலங்குது. அது உனக்கு வராது. அதை வச்சுக்கிட்டு உன்னைப் பின்னால ஒட்டிக்கிறேன்'ன்னாரு. நான் வாலு மட்டும்தான் குடுத்தேன். தலை உன்னுது. தலையில்லாத வாலைத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிய முடியுமா?"

"படத்தைப் பார்த்தியா?"

"ஒரே தடவை. அந்த இடம் வந்ததும் கண்ணையும் மூடிட்டேன், காதையும் மூடிட்டேன். எனக்குப் பேய்ப் படமே ஆகாது."

நானும் அந்த விக்கலைக் கேட்டதில்லை. எத்தனை தடவை ஓடியிருக்கும் அந்தப் படம்! அந்த இடம் வந்தாலே வெட்கத்தில் தலையைக் குனிந்துகொள்வேன், அவள் குரல் மட்டும்தான் காதில் விழும். வீட்டுக்கு வந்து கேசட்டைப் போட்டேன். மெல்லிய ஒரு 'ஹுக்'. உண்மைதான், இருக்கிறது.

அப்படியானால் நான் பொய் சொன்னேனா, இல்லையா?

மார்ச் 23

கொரினிடம் சொன்னேன். தலை, வால் எல்லாம் விளக்கினேன். சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"அப்போ இத்தனை வருஷம் எல்லார்கிட்டயும் நான் பொய் சொல்லிருக்கேன்."

"நீ எங்க சொன்ன? நான்தான்..."

"நான்தாம்மா சொன்னேன்! மைக் வச்சுச் சொல்லிருக்கேன்! பள்ளிக்கூட விழாவுல!"

அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு போன் இயந்திரத்தில் இருந்ததை அழிக்கும் சத்தம் கேட்டது. இப்போது அதில் யார் குரலும் இல்லை, வெறும் பீப் மட்டும்.

மார்ச் 25

வெண்டலிடமும் சொல்லிவிட்டேன். நனைந்த பிறகு முக்காடு எதற்கு? வேஷம் போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் போன் செய்தேன்.

"பத்திரிகைக்காரங்களை வேண்டாம்னு சொல்லிடுறேன்" என்றான். "நீங்க வாங்க மேடம். மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

1979இல் அந்த டைரக்டர் சொன்ன அதே வார்த்தை. இந்தத் தொழிலில் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு பிறப்பார்களோ? அவனுக்கு என் மேல் கோபமா, பரிதாபமா, ஒன்றும் பிடிபடவில்லை.

ஏப்ரல் 2

கொரின் பேசவில்லை. பத்தாவது நாள். உப்பைக் கேட்டால் நகர்த்துகிறாள்.

ஏப்ரல் 11

இன்று காட்சி. ஒரு நிஜப் பள்ளியின் நூலகம், காலை ஏழு மணிக்கே ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் மூடி ராத்திரி ஆக்கியிருந்தார்கள். கொலைகாரனுக்குப் பள்ளி பேண்டு வாத்தியக்காரர்களின் சிவப்புக் கோட்டும் உயரத் தொப்பியும். உள்ளே இருந்தது பத்தொன்பது வயதுப் பிள்ளை, "குட் மார்னிங் மேடம்" என்று தொப்பியைத் தூக்கினான்.

அலமாரிகளுக்கு நடுவில் திரும்பினேன். அவன் நின்றான். எனக்கு நினைவுக்கு வந்தது கொரினின் இறுகிய முகம். வாயைத் திறந்தேன்.

விக்கல்.

ஒலிப்பதிவு செய்பவர் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

"மேடம், நெஜமாவே பயந்துட்டீங்களா? நான் இன்னும் கிட்டயே வரலியே" என்றான் கொலைகாரன்.

வெண்டல் வந்தான். கையில் இன்னொரு சிவப்புத் தாள். "இது உங்க நாலாவது பக்கம். இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் காட்டல."

படித்தேன். 'நூலகர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிறார். பிழைக்கிறார்.'

"பத்து வயசுல அந்தப் படத்தைப் பார்த்தேன் மேடம்" என்றான். "கழட்டு, கழட்டுன்னு டிவி முன்னாடி நின்னு அழுதேன். அதுக்காகத்தான் இந்தப் படமே."

நையாண்டி என்று நினைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் புழுங்கினேனே. முழுக்கதையைக் கொடுத்திருக்கலாம் இந்தப் பிள்ளை! செருப்பைக் கழற்றினேன். ஏழு தடவை ஓடவிட்டான். முட்டி வலிக்கிறது. இவ்வளவு சந்தோஷமாக நான் ஓடியதே இல்லை.

ஏப்ரல் 12

சமையலறை மேசையில் கொரின் எழுதிய சீட்டு: 'கேசட்டை எடுத்தேன். கேட்டுட்டுத் தர்றேன்.'

ஏப்ரல் 14

கேசட் திரும்பி வந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உப்பை அவளே கேட்டாள்.

அக்டோபர் 19

ஞாயிறு பகல் காட்சிக்கு மூன்று பேராகப் போனோம். பெவ் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தாள். எனக்கும் கொரினுக்கும் நடுவில் உட்கார்ந்து, பாப்கார்ன் டப்பாவை முகத்துக்கு முன்னால் கேடயமாகப் பிடித்துக்கொண்டாள்.

தியேட்டர் நிறையப் பிள்ளைகள். 'பூனை வரும் பாரு' என்று முன்கூட்டியே கத்துகிறார்கள், வந்ததும் கைதட்டுகிறார்கள். 'மூளையுள்ள பொண்ணா இருந்தா' என்று நான் சொன்னதும் ஒரே விசில். பிறகு அலமாரிகளுக்கு நடுவில் நான் திரும்பினேன். சிவப்புக் கோட்டு. என் வாய் திறந்தது.

இந்த வருஷத்து விக்கல், அதன் பின்னால் 1979இன் அலறல்.

மறுபடியும் ஒட்டிவிட்டான்! நாற்பத்தோரு வயது வாயில் இருபத்தைந்து வயது பெவ்! கோபப்படலாமா, சிரிக்கலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். தியேட்டரே எழுந்து நின்றது. திரையில் நான் செருப்பை எறிந்துவிட்டு ஓடினேன், "ஓடு! ஓடு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். பெவ் டப்பாவை இறக்கிவிட்டாள். காதைப் பொத்தவில்லை.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் திரும்பி எங்களை உற்றுப் பார்த்தாள். "இப்போ கத்துனது நீங்களா?"

பெவ் என்னைக் காட்டினாள், நான் பெவ்வைக் காட்டினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "இவதான்" என்றோம்.

கொரின் சிரித்தாள். மார்ச்சுக்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அக்டோபர் 20

மதியம் வேலையிலிருந்து வீட்டுக்கு போன் செய்தேன். இயந்திரம் எடுத்தது. பீப் வருமென்று காத்திருந்தால், ஒரு விக்கல், ஒன்பது நொடி அலறல், பிறகு கொரின் குரல்: "முதல்ல விக்குனது எங்கம்மா. அப்புறம் கத்துனது பெவ். பயந்தவங்க நிதானமா மூச்சு விட்டுட்டு, பீப்புக்கு அப்புறம் பேசுங்க."

வரும்போது பால் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.