சாய்வுத் துளை போடும்வரை கையெழுத்து இல்லை

அன்புள்ள சின்னவனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம்தான், அப்பாவுக்கு முட்டிவலி, எனக்குக் கோபம், மற்றபடி ஒரு குறையும் இல்லை. உன் இருமல் நின்றதா என்று முதலில் எழுது, காதை மூடிக்கொண்டு படு என்றால் நீ கேட்கவா போகிறாய். அப்பா உன் அறைக்கு வெள்ளையடித்து, புது மெத்தை வாங்கிப் போட்டு, எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று படுத்தவர் மத்தியானம் முழுக்கத் தூங்கிவிட்டார். இங்கே மலைக்கு அடியில் உங்கள் ஆய்வுக்கூடத்துக்குச் சுரங்கம் தோண்ட ஆரம்பித்தால் உன் ஆய்வுக்குழு வந்துவிடும், நீயும் வந்துவிடுவாய் என்பதுதான் வீட்டில் எந்நேரமும் பேச்சு.

நீ போனில் சொன்னதற்கு வருகிறேன். எல்லாரும் உனக்காகத்தாம்மா காத்துக்கிட்டிருக்காங்க, ஒரு கையெழுத்துதானே, கான்கிரீட் போட்டா எல்லாம் நிக்கும் என்றாய். நீ போனை வைத்த பிறகு பாத்திரங்களோடு சண்டை போட்டேன். இப்போது முழுசாகச் சொல்கிறேன், கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி. மலைக்குள் பாறை எப்படி இருக்கிறது என்று பார்க்கத் துளையிட்டு எடுக்கிற பாறைத் துண்டுகளை வந்த வரிசையிலேயே பெட்டியில் அடுக்குவோம். எங்கே பாறை நொறுங்கித் துண்டு வரவில்லையோ, அங்கே அந்த நீளத்துக்கு இடம் விட்டு ஒரு மரக்கட்டை வைப்போம். எனக்கு அந்தக் காலி இடம்தான் முக்கியம். நான் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தபோது நிபுணர் குழு பெட்டிகளைப் பார்க்க வந்தது. வருவதற்கு முன்னால் பெட்டிகளை வைத்திருக்கிற கொட்டகையின் பொறுப்பாளர் சுத்தம் செய்திருக்கிறார், நல்ல மனிதர், கை சும்மா இருக்காது. குழுவும் பார்த்துவிட்டு, பாறை விட்டுப்போகாமல் கெட்டியாக இருக்கிறது என்று சந்தோஷமாகப் போய்விட்டது. நான் வந்து திறந்தால் அடுத்தடுத்த துண்டுகளின் முனைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, ஒன்றில் துருக்கறை, இன்னொன்றில் களிமண் வழவழப்பு. கேட்டால், பல்லு போன வாய் மாதிரி அசிங்கமா இருந்துச்சு மேடம், வர்றவங்க என்ன நெனைப்பாங்க, அதான் கட்டையை எடுத்துட்டு நெருக்கி வெச்சேன் என்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் நெருக்கி மூடியது ஓர் ஆள் உயரத்துக்கும் மேல். பாறை நொறுங்கித் தண்ணீர் ஓடிய தடம் அது, அதுவும் உங்கள் கருவி நிற்கப்போகிற கூடத்துக்குக் கூரை வருகிற இடத்தில்.

அது எந்தப் பக்கம் சரிகிறது, எவ்வளவு அகலம் என்று தெரிய ஒரு சாய்வுத் துளை போட வேண்டும், மோசமாக இருந்தால் கூடத்தையே தள்ளி வைக்க வேண்டும் என்றேன். திட்ட இயக்குநருக்கு ஆபீசில் 'அவசரம்' என்றே பெயர், நாற்காலியை முழுசாக இழுத்துக்கூட உட்காரமாட்டார். ஒரு வருஷம் போயிடும் மேடம், ரிடயர் ஆகப்போற நேரத்துல ஏன் இந்தப் பிடிவாதம் என்றார். பிடிவாதம்தான் சார் என்றேன். உடனே குரலைத் தாழ்த்தி, உங்க பையனும் இதுக்காகத்தானே காத்திருக்கான் என்றார். அங்கேதான் அவர் தப்புப் பண்ணினார். என் பையன் அந்தக் கூரைக்குக் கீழதான் சார் உக்காரப்போறான் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மறுநாளே என்னைத் தளத்திலிருந்து எடுத்து, ஜன்னல் இல்லாத அறையில் ஒரு மேசை கொடுத்துவிட்டார்கள். கொடுக்கட்டும். பாறை அறிக்கையில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. எனக்குப் பதில் வேறு ஆளைப் போட்டால் அவரிடமும் அதே பெட்டியைத் திறந்து காட்டுவேன், அவர் வாயை எப்படி மூடுகிறார்கள் என்று பார்க்கிறேன். அப்பா அன்று ராத்திரி உன் புது மெத்தையில் போய்ப் படுத்துக்கொண்டார், மறுநாள் காலையில் காபியை முன்னால் வைத்துவிட்டு, கையெழுத்துப் போடாத என்று மட்டும் சொன்னார்.

நீ கோபித்துக்கொள், உன் பேராசிரியரிடம் எங்கம்மாதான் இழுத்தடிக்கிறாள் என்று தாராளமாகச் சொல். உன்னைப் பார்க்காமல் இருப்பது எனக்கு மட்டும் சுகமா, உன் அறையைத் தாண்டும்போதெல்லாம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். அதற்காக நீ கெஞ்சினாலும் போட மாட்டேன்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், நாங்கள் கேட்பது அது ஒன்றுதான். வேளைக்குச் சாப்பிடு. மறக்காமல் ஒன்று செய், அங்கே உன் அறைக்கு வாடகை ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டித்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா