ஏழாம் நம்பர் அயர்ன்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நலம். கடிதத்துக்காக எழுதுகிற நலம் இல்லை, நிஜமாகவே நலம். உன் அக்காவின் ரிப்போர்ட் வந்துவிட்டது. மார்பில் கட்டியை எடுத்த இடத்திலும் சரி, வேறெங்கும் சரி, ஒன்றும் இல்லையாம். இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இதைத்தான் போனிலேயே சொன்னீர்களே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசியபோது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றிப் பேச எனக்கு வராது.

விஷயம் என்னவென்றால், ரிப்போர்ட் வந்த அன்று எனக்கு நிம்மதி வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு கடையில் நின்று பற்பசை வாங்கினாள். இருப்பதிலேயே சின்ன டியூப். ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததிலிருந்தே அவள் எதையும் பெரிதாக வாங்குவதில்லை. டீத்தூள் குட்டிப் பாக்கெட், சோப்பு ஒன்றே ஒன்று. நூலகச் சந்தா முடிந்துபோனதைப் புதுப்பிக்கவே இல்லை. நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் வரவேற்பறைப் பெண்ணுக்குக் கோல்ஃப் மட்டைகளைப் பையோடு தூக்கிக் கொடுத்தாளே, இனிமே எனக்கு எதுக்கு என்று சொல்லி, அதைத்தான் போன கடிதத்தில் உனக்கு எழுதியிருந்தேன். நாள் முழுக்க இருட்டறையில் ஊரார் எலும்பையெல்லாம் எக்ஸ்ரே எடுப்பவள். வேலை முடிந்ததும் பின்னால் இருக்கும் மைதானத்துக்குப் போய்ப் பந்தை அடிப்பது ஒன்றுதான் தனக்கென்று வைத்திருந்த ஆசை. அதையே கொடுத்துவிட்டவள், டாக்டர் ஒரு தாளைக் காட்டியதும் மாறிவிடுவாளா? அந்தச் சின்ன டியூபை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் நடந்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சிரிக்காமல் படி.

நம் சலவைக் கடையின் நீராவி இஸ்திரிப் பெட்டி கொஞ்ச நாளாகப் பழுப்புத் தண்ணீரைக் கக்குகிறது. ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டையில் கக்கி, அவர் என்னைக் கோர்ட்டுக்கு இழுக்காத குறைதான். நான் வீட்டில் புலம்பாத வேளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அக்கா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு அயர்ன் செட் வாங்கலாம்னு பாக்குறேன், இப்பல்லாம் கடைக்கே போக வேண்டாம், கம்பெனிக்காரனே நேரா வீட்டுக்கு அனுப்பிடுறான், நடுவுல ஆளே கிடையாது என்றாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கடை விஷயத்தில் அவள் தானாக அக்கறை எடுத்துக்கொண்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

நல்ல கனமா பாரு, கனம் இருந்தாத்தான் சுருக்கம் போகும் என்றேன். கனம் வேண்டாம், இடது தோள் தாங்காது என்றாள். நீ எதுக்குத் தூக்குறே, தேய்க்கிறவர் தூக்குவார் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு, ஏழாம் நம்பர்தான் எனக்கு முக்கியம், அது மட்டும் கைக்குச் சரியா அமைஞ்சிட்டா போதும் என்றாள். ஐயையோ, ஏழுல வச்சா பட்டெல்லாம் கருகிடும் என்று நான் பதறினேன்.

அவ்வளவுதான். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். பிறகுதான் சத்தம் வந்தது. தழும்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கோல்ஃபில் இரும்புத் தலை வைத்த மட்டைக்கு அயர்ன் என்று பெயராம். ஐந்து, ஆறு, ஏழு என்று நம்பர் உண்டாம். அந்தப் பையைக் காரில் ஏற்றி இறக்கியே எனக்கு முதுகு வளைந்தது, ஆனால் உள்ளே இருந்தது எல்லாமே எனக்கு வெறும் மட்டைதான். நான் ஏதோ சாக்குச் சொல்லிக் கீழே கடைக்கு இறங்கிப் போனேன். தொங்குகிற கோட்டுகளுக்குப் பின்னால் நின்று நன்றாக அழுதேன். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

அதன் பிறகு வீட்டில் வேறு பேச்சே கிடையாது. தேடித் தேடி இரண்டு கம்பெனிகளில் வந்து நின்றாள். முதலாவதுக்கு நான் மினுக்கி என்று பெயர் வைத்தேன். மெல்லிய தலை, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு, சரி என்று சொன்னால் அந்த வாரமே வாசலில் வந்து நிற்கும். மற்றது மொத்தை. தலை தடிமன், பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. ஆனால் நம் உடம்பின் அளவைக் கேட்டு வாங்கி, அதன் பிறகுதான் செய்யவே ஆரம்பிப்பார்களாம். முன்னால் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள், நான்கு மாதமாவது ஆகும் என்று அவர்களே போட்டிருந்தார்கள். மொத்தை ரொம்ப மன்னிக்கும்னு வாங்கினவங்க எல்லாம் அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்க என்றாள். பந்து தலையின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் ஓரளவு நேராகப் போகுமாம், அதற்குத்தான் மன்னிக்கிறது என்று பெயராம். நானுந்தான் கல்யாணத்துலேர்ந்து மன்னிக்கிறேன், எனக்கு ஒருத்தரும் ஸ்டார் போடலையே என்றேன். போட்டா ரெண்டரை தேறும் என்றாள்.

நான் மினுக்கியின் கட்சி. உடனே வர்றதை வாங்கு, பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பிக்கலாம் என்று ஏஜெண்டு மாதிரி பேசினேன். எனக்கு மட்டையைப் பற்றி என்ன தெரியும்? நான்கு மாதம் என்பதுதான் என் பயம். அந்த வரியைப் படித்ததும், அவ்வளவு நாளா, வேண்டாம் விடுங்க என்று லேப்டாப்பை மூடிவிடுவாளோ என்று பயந்தேன். அடுத்த மாதம், அடுத்த வருஷம் என்கிற பேச்சையே நாங்கள் இருவரும் விட்டு வெகுநாளாகிவிட்டது.

மொத்தைக்காரர்கள் மணிக்கட்டிலிருந்து தரைவரை அளவு கேட்டிருந்தார்கள். கடையிலிருந்து டேப்பை எடுத்து வந்தேன். ஷூ போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றாள். நான் மண்டியிட்டு அளந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் இடது தோளைத் தூக்கி, கையை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டேதான் நடந்தாள். வீடியோவில் பார்த்துவிட்டு, அக்கா ஏன் கோணலா நிக்குறா என்று நீதான் முதலில் கேட்டாய். தினமும் குளியலறைச் சுவரில் விரலால் படிப்படியாக ஏறுகிற பயிற்சியை மட்டும் முணுமுணுத்துக்கொண்டே செய்து வந்தாள். வலது கையை அளந்தேன். அவர்கள் கேட்காவிட்டாலும் இடது கையையும் அளந்தேன். இரண்டும் ஒன்று. தூக்கியிருந்த தோள் இறங்கிவிட்டதா என்று நம்ப முடியாமல் மறுபடி அளந்தேன். ஒன்றுதான். என்ன, அப்படியே உக்காந்துட்டீங்க என்றாள். முட்டி பிடிச்சுக்கிச்சு என்றேன்.

அளவை மொத்தைக்காரர்களின் பக்கத்தில் நிரப்பி ஆர்டர் போட்டாள். நாலு மாசம் ஆகுமே என்றேன். டேப்பைச் சுருட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஆகட்டுமே, மெதுவா வரட்டும், நான் எங்க போகப் போறேன் என்றாள்.

திரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. வரும்போது வெங்காயம் வாங்கிட்டு வாங்க என்பதுபோலச் சொன்னாள். மாப்பிள்ளை, ரிப்போர்ட் கொடுக்காத நிம்மதியை எனக்கு அந்த வார்த்தை கொடுத்துவிட்டது. அன்று படுத்ததும் தூங்கிவிட்டேன். குறட்டைக்காக மறுநாள் திட்டும் வாங்கினேன்.

போன கடிதத்தில், லீவைச் சேர்த்து வை, ஒரு வார்த்தை சொன்னால் உடனே கிளம்பி வா என்று எழுதியிருந்தேன். எதற்கு என்று நான் எழுதவில்லை, நீயும் கேட்கவில்லை. அந்த லீவை இப்போது எடுக்காதே. மொத்தை வந்து சேரும்போது வா. மைதானத்தில் அவள் பின்னால் பையை நீ தூக்கிக்கொண்டு நட. முட்டி பிடித்துக்கொண்டது என்று நான் சொன்னது முழுப் பொய் இல்லை.

இஸ்திரிப் பெட்டி இன்னும் வாங்கவில்லை. வக்கீல் வேறு கடை பார்த்துக்கொண்டார். போகட்டும்.

நீயும் உன் வீட்டாரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்

தம்பி, கடிதத்தை மேசையில் விரித்துப் போட்டுவிட்டுக் கீழே போனால் படிக்காமல் என்ன செய்வது? கோட்டுக்குப் பின்னால் நின்று அழுத கதை எனக்கு இப்போதுதான் தெரியும். சின்ன டியூப் வாங்கியதை இவர் கவனிக்கவே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். பற்பசை தீர்ந்துவிட்டது. மேலே வந்ததும் இவரைக் கடைக்கு அனுப்பப் போகிறேன். இருப்பதிலேயே பெரியதாக வாங்கி வரட்டும். ஸ்டாரும் மூன்றாக ஏற்றிவிட்டேன், சொல்லிவிடாதே. உடம்பைப் பார்த்துக்கொள். அவசரமே இல்லை, மெதுவாக வா.

அக்கா