என்னை ஹென் என்று கூப்பிடாதே

அன்புள்ள மார்ஜரி அக்காவுக்கு,

போர்ட்சாயின் கடற்காற்று உன் முழங்காலைப் படுத்தாமல் இருக்கிறதா? நான் நலம்.

கிளாஸ்கோவில் எந்த வயதுப் பெண்ணையும் செல்லமாக "ஹென்" என்றுதான் கூப்பிடுகிறார்கள், நம் பக்கம் "க்வைன்" என்பதுபோல. முதியோர் இல்லத்துச் சலவை அறையில் சேர்ந்த முதல் நாளே, "நான் மிஸஸ் கெடஸ்" என்று சொல்லிவிட்டேன். கான்வென்ட்டில் படித்தவள் வேறென்ன செய்வாள்? மூன்று வாரமாக அங்கே ஒருத்தியும் அப்படிக் கூப்பிடத் தவறவில்லை. தங்களுக்குள் ஹென், ஹென் என்று சிரிக்கிறார்கள்; நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

நேற்று பஸ் ஏறப் போகையில் பனியில் வழுக்கி விழுந்தேன். அடி எதுவும் இல்லை. பஸ் ஓட்டும் பெண் இறங்கி ஓடிவந்தாள்.

"ராணி மாதிரி உக்காந்துட்டியே, ஹென்! எந்திரி, என் கையப் புடிச்சுக்கோ."

நான் திருத்தவில்லை. என் நிறுத்தத்தைத் தாண்டியும் இரண்டு நிறுத்தம் அவள் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நேற்றிலிருந்து ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நானே போட்ட உத்தரவை எந்த முகத்தோடு மாற்றுவேன்? என் ரப்பர் அடி பூட்ஸை அனுப்பு. உன் கைப்பட நாலு வரியும் பார்சலில் வை.

இஸ்திரி போடும் செங்கா கதவருகே நின்று கூப்பிடுகிறாள்: "மிஸஸ் கெடஸ், டீ ஆறுது!"

இதோ, பேனாவை மூடியதும் நானே முதலில் சொல்லிவிடப் போகிறேன்: "வந்துட்டேன், ஹென்."

அவசரத்தில்,
உன் தங்கை இஸபெல்